செங்கல் ஏந்திய கைகள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர் குடவோலை பற்றிய நினைவுடன் திரும்புவதே வழக்கம். முதலாம் பராந்தகரின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்களின் ஈர்ப்பு அத்தகையது. நாமும் அவற்றுக்காகவே சென்றோம். ஆனால் அன்று மாலை ஊர்ப்புறத்துக் களமொன்றில் சிலம்பம் பயிலும் சிறுவர்களைக் காண நேர்ந்தது. திரும்பும் வழியெல்லாம் பேச்சு அதைப் பற்றியே சென்றது.

இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கைக்கொரு செங்கல் ஏந்தி, அசையாது நிற்கவேண்டும். கைகள் நடுங்கிய பின்னும் ஆசான் போதுமென்று சொல்வதில்லை. எதற்கென்று வினவினோம். "போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்து சீனாவுக்குக் கொண்டு போனதுங்க இது" என்றார் பெருமிதத்துடன். சிறுவன் ஒருவன் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தோளுக்காகவேனும் இதனை ஆராய்வது தகும்.

போதிதர்மரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று, கி.பி. 547ஐ ஒட்டி யாங் சுவான்ச்சி எழுதியது. அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. அதே நூற்றாண்டின் மற்றொரு குறிப்பு, தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. இவ்விரண்டிலும் காஞ்சியும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் 'யிஜின் ஜிங்' என்னும் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பழைய தேதியிட்ட முன்னுரைகள் போலியானவை என்பதைத் தாங் ஹாவ் போன்ற சீன ஆய்வாளர்களே காட்டிவிட்டனர். 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்தபின், இதையெல்லாம் தமிழ்நாட்டில் உரக்கச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

காஞ்சிக்கு மல்வித்தைப் பெருமை இல்லாமலில்லை. முதலாம் நரசிம்மவர்மர் (630–668) பூண்ட 'மாமல்லன்' என்னும் பட்டமே பெருமல்லன் என்னும் பொருளது. ஆயின் அம்மல்லர் எவ்வாறு பயின்றனர் என்பதைப் பட்டம் சொல்லாது. அதற்கு நாம் 12ஆம் நூற்றாண்டுக்கு, மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாச'த்துக்குச் செல்லவேண்டும். மல்லர்க்கு எடைப் பயிற்சி, நடை, நீச்சல், தூணைப் பற்றிச் செய்யும் பயிற்சி எனப் பலவற்றை அந்நூல் கூறுகிறது. எடை அவற்றுள் ஒன்று, அவ்வளவே. நம் தென்மாவட்டங்களின் இளவட்டக்கல்லும் தோளுக்கேற்றிப் பின்புறம் வீசுவதற்கானது. ஏந்தி நிற்பது அதில் இடைப்பட்ட ஒரு கணமே.

அசையாப் பயிற்சிக்கு அறிவியல் மதிப்பு வந்தது 1953இல். ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஹெட்டிங்கரும் முல்லரும், முழு வலுவில் மூன்றில் இரு பங்கை நாளுக்கு ஒருமுறை 6 விநாடி செலுத்தினாலே வாரத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வலு கூடும் என்றனர். பின்வந்த ஆய்வுகளில் அத்துணை வளர்ச்சி கிட்டவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யார்க் நகரத்துப் பளுதூக்குவோர் சிலர் திடீரெனச் சிறந்தனர். அசையாப் பயிற்சியே காரணமென்று பாப் ஹாஃப்மன் விளம்பரம் செய்து, அதற்கான சட்டங்களையும் விற்றார். மருத்துவர் ஜான் சீக்லர் அவ்வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்தது பின்னரே வெளிப்பட்டது. அங்கு மருந்துக்குரிய புகழையும் இங்கு கதைக்குரிய புகழையும் ஒரே பயிற்சி சுமந்திருக்கிறது!

அப்படியெனில் பயனே இல்லையா? உண்டு, ஆனால் எந்த மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதனை ஒட்டியே வலு பெரிதும் கூடும். ஆகவே மல்லனின் பிடிக்கும், தாழ்ந்த நிலையில் ஊன்றும் கால்களுக்கும் அது நேரே உதவும். ஒகினாவாவின் கராத்தே பயில்வோர் மணல் நிரப்பிய சாடிகளின் வாயை விரல் நுனிகளால் பற்றித் தூக்கி நடப்பர். அங்கே விரல்கள் பிடித்தபடியே இருக்க, கால்கள் நகர்கின்றன. சிலம்பத்திலோ தோளும் மணிக்கட்டும் ஓயாது சுழல்பவை. நீட்டிய கையில் செங்கல் ஏந்துவது, நீட்டிய கையில் செங்கல் ஏந்தும் பொறுமையையே முதலில் வளர்க்கும். கம்பின் வேகம் கம்பு சுற்றித்தான் வரவேண்டும். வலித்தபின்னும் நிற்பதில் தோளுக்குக் கேடும் உண்டு.

அடுத்தமுறை செல்லும்போது ஆசானிடம் இரண்டைச் சொல்ல எண்ணியுள்ளோம்: செங்கல்லைச் சில விநாடிகளில் இறக்கிவிடலாம், போதிதர்மரையும் இறக்கிவிடலாம். இரண்டாவதைச் சொல்லும் பொறுப்பை எங்களில் எவரும் இதுவரை ஏற்கவில்லை.