தொடர்மாடி வீட்டில் கரப்பான்: மருந்தடிப்பதற்கு முன்

வெள்ளவத்தையில் நான்காம் மாடிக்குக் குடிவந்த இரண்டாம் மாதமே எங்கள் குசினியில் கரப்பான் பெருகிவிட்டது. மகளுக்குத் தொய்வு இருப்பதால் எனக்குப் பயம். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தொய்வைத் தூண்டக்கூடியவை. பூச்சிமருந்தின் நெடியும் அப்படித்தான்.

நான் விட்ட பிழை, கண்டபடி மருந்தடித்தது. தப்பியவை குழாய் இடுக்குகளுக்குள் ஒளிந்துகொண்டன. சில நாட்களில் திரும்பின. வீடுகளுக்குள் பெருகும் சிறிய ஜேர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். மருந்து அந்தக் கூட்டுக்குள் இலகுவில் இறங்காது.

பிறகு பலன் தந்தவை இவை:

தண்ணீர்: கரப்பான் பசி தாங்கும், தாகம் தாங்காது. ஒழுகும் குழாயைத் திருத்துங்கள். இரவில் சிங்க்கைத் துடைத்து உலரவிடுங்கள்.

உணவு: குப்பை வாளியை மூடுங்கள், எச்சில் கோப்பைகளை இரவில் விடாதீர்கள்.

வழி: குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடைவெளிகளை சிலிக்கனால் அடையுங்கள். வடிகாலுக்கு வலை போடுங்கள்.

ஒளிவிடம்: கடையிலிருந்து வரும் மட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள்.

ஜெல் மருந்து: அலுமாரி மூலைகளில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி, சிறு புள்ளிகளாக வையுங்கள். அதன்மேல் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதைத் தின்னாது.

இத்தனைக்குப் பிறகும் முழுதாக ஓயவில்லை. எங்கள் குழாய்வழியிலுள்ள மேல், கீழ் வீட்டாருடன் பேசி, ஒரே வாரத்தில் எல்லோரும் செய்த பிறகுதான் குசினி அடங்கியது. சுவர் பொதுவென்றால் கரப்பானும் பொதுதான்.