மேற்பார்வையாளரும் தலைமைப் பயிற்சியும்: ஐக்கிய அமெரிக்காவின் போர்க்கால அனுபவம்

கைத்தொழில் வரலாற்றிலே முதலாளியும் தொழிலாளியும் விரிவாக ஆராயப்பட்டுள்ளனர். இவ்விருவருக்கும் இடையே நின்ற மேற்பார்வையாளர் பெற்ற கவனம் சிறிதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஆட்களைச் சேர்ப்பதும் விலக்குவதும் அவர் கையிலேயே இருந்தன. அவ்வதிகாரம் அச்சத்தின்மீது எழுந்தது. தொழிலைக் கற்பிக்கும் முறையை அவருக்கு எவரும் கற்பித்திலர்.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. தேர்ந்த தொழிலாளர் படைக்குச் செல்ல, ஆலை வாழ்வை அறியாத பெண்களும் இளைஞரும் அவர்தம் இடத்துக்கு வந்தனர். அவர்களை விரைவிற் பழக்கும் பொறுப்பு மேற்பார்வையாளரைச் சார்ந்தது. இதற்கென 1940 ஆகஸ்டில் கைத்தொழிலகப் பயிற்சிச் சேவையொன்றை அரசு தொடங்கியது. பணியைக் கற்பித்தல், பணிமுறையைச் சீர்செய்தல், பணியாளருடன் உறவு பேணல் என்பன அதன் முதன்மையான மூன்று பாடங்கள். ஏறக்குறையப் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு, இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்தில் ஒவ்வொரு பாடமும் நடத்தப்பட்டது.

கற்பிக்கும் முறை முதலாம் உலகப் போர்க்காலக் கப்பல் கட்டுந் தளங்களிற் சார்ள்ஸ் அலன் கையாண்ட நான்கு படிகளைத் தழுவியது: கற்போரை ஆயத்தஞ் செய்தல், செய்து காட்டல், செய்வித்தல், சோதித்தல். தொழிலாளி கற்கத் தவறின் குறை கற்பித்தவரையே சாரும் என்பது இதன் அடிநாதம். மேற்பார்வையாளரின் தலைமை பிறவிக்குணமன்று, பயின்று பெறும் திறன் என்பதும் இதனால் நிலைபெற்றது. 1945இற் சேவை முடிவுற்றபோது 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பிறர் மனக்குறையைத் தீர்க்கப் பயின்ற மேற்பார்வையாளருக்குத் தம் குறையைச் சொல்ல வழி இருக்கவில்லை. 1941இல் டெற்றோயிற்றில் அவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1947இற் பக்கார்ட் மோட்டார் நிறுவன வழக்கிலே உச்ச நீதிமன்றம் அவர்களது கூட்டுப் பேரம் பேசும் உரிமையை ஏற்றது. அதே ஆண்டிற் காங்கிரஸ் நிறைவேற்றிய ராவ்ற்-ஹார்ட்லி சட்டம் அவ்வுரிமைக்கான பாதுகாப்பை நீக்கியது.

போருக்குப் பின் இப்பயிற்சி யப்பானில் வேரூன்றியது. 1950களின் தொடக்கத்தில் ரொயோற்றா நிறுவனமும் இதனை ஏற்றது. தோன்றிய நாட்டிலோ இது பெரிதும் மறக்கப்பட்டது. மேற்பார்வையாளருக்குத் தலைவரின் கடமை கற்பிக்கப்பட்டது. தொழிலாளியின் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. இம்முரண்பாட்டை விடுத்து அப்பயிற்சியின் வெற்றியை மட்டும் போற்றுதல் வரலாற்றாய்வாகாது.