காயத்தை மூட நடந்து வரும் உயிரணுக்கள்



பால்மரத்தின் பட்டையை நாள்தோறும் சீவுகிறோம். மரம் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஆனால் சீவிய இடத்தில் புதுப்பட்டை தடித்து மீண்டும் வெட்டுக்கு ஆகப் பல ஆண்டுகள் செல்லும். அதே கத்தி நம் விரலில் இலேசாகப் பட்டால், பத்து நாளில் தோல் மூடிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

மரத்தின் உயிரணு ஒவ்வொன்றும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. பிறந்த இடத்தை விட்டு அது அசைவதில்லை. நம் உடம்பின் உயிரணுக்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. காயம் பட்டதும் வெள்ளணுக்களும், பிறகு தோலின் அணுக்களும் அந்த இடத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன. தோலின் அணு ஒரு மணி நேரத்தில் ஒரு தலைமயிரின் பருமன் அளவு தூரம் போனாலே பெரிது. ஆனாலும் வந்து சேர்கிறது.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர். 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து நின்றன. 1908இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அவரிடம் பயின்றவர்களுள் நம் பினாங்கின் மைந்தர் ஒருவரும் உண்டு. 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற டாக்டர் வூ லியென் தே அவர். 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவைச் சூறையாடிய நுரையீரல் பிளேக்கை எதிர்த்துப் போராடி அடக்கிய பெருமகன். 1960இல் இந்தப் பினாங்கிலேயே மறைந்தார்.

அணு நகர்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் காலும் கையும் இல்லாத அணு எப்படி நகர்கிறது? இதற்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தென்னை மரம் ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்க ஒரு மரம் வேண்டும். பற்றிக்கொள்ளக் கை வேண்டும். உடம்பை மேலே இழுக்கத் தசை வேண்டும். உயிரணுவுக்கும் இந்த மூன்றும் வேண்டும்.

மரம் எது? நம் தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் அதில் முக்கியமானது. அதன் அமைப்பை விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, அது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் அறிவித்தார்கள்.

தசை எது? ஆக்டின் என்னும் புரத இழை. 1942இல் ஹங்கேரியில் ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தசை அல்லாத அணுக்களிலும் அது இருப்பது பின்னால் தெரியவந்தது.

கை எது? அணுவின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு, பெரும்பகுதி வெளியிலும் சிறு பகுதி உள்ளேயும் நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம். அந்தப் பெயர் 1986இல் சூட்டப்பட்டது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நின்றது. கை தானாகத் தசையைத் தொடுவதில்லை. நம் கையில் மணிக்கட்டும் முழங்கையும் இருப்பது போல நடுவில் ஏதோ இருக்கவேண்டும். அந்த இணைப்புகள் எங்கே கிடைத்தன தெரியுமா? கோழியின் வயிற்றில் தானியத்தை அரைக்கும் தசைப்பையில்! அதிலிருந்து 1979இல் பெனி கைகர் வின்குலின் என்ற புரதத்தையும், 1983இல் கீத் பரிட்ஜும் அவருடன் உழைத்தவரும் டாலின் என்ற புரதத்தையும் பிரித்தார்கள். டாலினின் ஒரு முனை இன்டெக்ரினைப் பற்றுகிறது. மறு பகுதி ஆக்டினைப் பற்றுகிறது. இழுவிசை கூடும்போது டாலினின் மடிப்புகள் விரிகின்றன. விரிந்த இடத்தில் வின்குலின் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. அதே சமயம் பின்னால் உள்ள பிடியை அவிழ்க்கவும் வேண்டும். பிடித்த பிடியை விடாத ஆள் மரத்தின் நடுவிலேயே தொங்கவேண்டியதுதான்.

இந்தச் சிறு இணைப்பு பழுதானால் என்ன நேரும்? கிண்ட்லின்-3 என்ற புரதம் டாலினுக்குத் துணை நின்று கையை இறுகப் பிடிக்கச் செய்வது. அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு என்பது 2009இல் விளங்கியது. அவர்களுடைய இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளம். இன்டெக்ரின் என்ற கையும் இருக்கிறது. ஆனால் பிடிப்பு இல்லை. படை இருந்தும் போர்க்களத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே கிருமித் தொற்று அடிக்கடி வரும். இரத்தப்போக்கும் எளிதில் நிற்காது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையே அவர்களுக்குப் பெருந்துணை.

இது அரிய நோய். நம் வீடுகளில் காண்பது இனிப்புநீர். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால், இரத்த ஓட்டம் குறைகிறது, காலில் உணர்ச்சி மங்குகிறது, காயத்தை மூட வரும் அணுக்களின் நடையும் தளர்கிறது. கால் புண் ஆறாமல் நிற்பதற்கு இவையெல்லாம் காரணம்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, புண்ணின் மேல் சுண்ணாம்பையும் புகையிலையையும் அப்பாதீர்கள். மூட வருகிற அணுக்களையே அவை புண்படுத்தும். சுத்தமான நீரால் கழுவித் துணியால் கட்டுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதன் அடியில்தான் தோலணுக்கள் நடந்துகொண்டிருக்கின்றன. இனிப்புநீர் உள்ளவர் காலில் சிறு கீறல் கண்டாலும், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.