கரும்புத் தோட்டத்துக் கால்பந்து

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட முனைந்த அதே காலத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து வேறு விதமான கப்பல்கள் தெற்குப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஏறியவர்களைப் பற்றித்தான் நம் அண்டை ஊரான எட்டயபுரத்துப் பாரதியார் பின்னர் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் இந்தக் கரிசல் சீமையில் அநேகர். ஆனால், அழுது முடித்த பிறகு அந்த ஜனங்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று விசாரித்தவர்கள் சொற்பம். அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, பந்து விளையாடியது.

கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லியோனிடாஸ் என்ற கப்பல் 1879 மே 14-ஆம் தேதி பிஜியை அடைந்தது முதல், 1916 வரை, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டனர். சென்னைத் துறைமுகத்து ஆள்சேர்ப்பு 1903-இல் தொடங்கியது; மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு அவ்வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமே. ஐந்து வருஷ ஒப்பந்தம். கொடுத்த வேலையை முழுதும் முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் கூலி வெட்டு. 1920 ஜனவரி 1-ஆம் தேதி எஞ்சியிருந்த ஒப்பந்தங்களெல்லாம் ரத்தாயின. திரும்பி வர மனமின்றியோ வழியின்றியோ தங்கிவிட்டவர்கள், குத்தகை நிலத்தில் கரும்பு பயிரிட்டு, ஆலை நகரங்களைச் சுற்றிக் குடியேறினர்.

அந்தத் தேசத்தின் ஆட்டமோ ரக்பி. 1884-இல் பா என்னும் ஊரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பூர்வகுடிச் சிப்பாய்களும் ஆடியதே பிஜியின் முதல் ரக்பி ஆட்டம் என்பார்கள். 1924-இல் பிஜி அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தைச் சமோவாவில் ஆடியபோது, உள்ளூர்க்காரர்கள் பிறகு வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காகக் காலை ஏழு மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கினார்களாம்; மைதானத்துக்குள் ஒரு மரமும் நின்றதாம். பதினைந்தே ஆண்டுகளில், 1939-இல், அதே தேசத்து அணி நியூஜிலாந்து முழுவதும் சுற்றி ஓர் ஆட்டமும் தோற்காமல் திரும்பியது. கிராமத்துக்குக் கிராமம், தலைவன் முதல் போலீஸ்காரன் வரை, அந்த முட்டை வடிவப் பந்தின் மேல் வைத்திருக்கும் பக்தியை என்னவென்று சொல்வது!

இந்தியர் ஏன் அந்த ஆட்டத்தில் சேரவில்லை என்ற கேள்விக்கு, தேகக்கட்டு போதாது என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்தச் சமாதானம் திருப்தியளிக்கவில்லை. நாள் முழுதும் கரும்பு வெட்டிச் சுமக்கிறவனுடைய தேகத்தில் என்ன குறை? காலனி ராஜ்யம் பூர்வகுடிகளைக் கிராமத்திலும் இந்தியரைக் கரும்புக் காட்டிலும் வெவ்வேறாக வைத்து ஆண்டது. ரக்பி கிராமத்துக்கும் பட்டாளத்துக்கும் சொந்தமாயிருந்தது. அங்கே இந்தியனை யாரும் அழைக்கவில்லை. கால்பந்துக்கு அழைப்பு வேண்டியதில்லை. அறுத்த தாளடியில் நாலு கம்பு நட்டால் போதும். ஒருவன் பந்து வாங்கினால் ஊரெல்லாம் ஆடலாம்.

1938 அக்டோபரில், தலைநகரான சுவாவில், பிஜி இந்தியக் கால்பந்துச் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் ஃபேர்பிரதர் என்ற ஐரோப்பியர். அவருடைய பெயர் தாங்கிய கோப்பைக்காகவே மாவட்டங்களுக்கிடையிலான போட்டி நடக்கலாயிற்று. இந்தப் போட்டியே இந்த விருத்தாந்தத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். மாவட்டம் என்று அவர்கள் பிரித்துக்கொண்டது பெரும்பாலும் ஆலைச் சீமைகளையே: பா, லௌடோகா, ரேவா, பிற்பாடு லம்பாசா. லம்பாசா வேறொரு தீவிலுள்ளது. அந்த அணியும் அதன் அபிமானிகளும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். ஒரே கப்பலில் வந்து வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்களின் சந்ததியார் ஒருவரை ஒருவர் காண்பதற்கு, அந்தத் தேசத்தில் வேறு சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று, எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் தங்கள் சாஸ்தா கோவிலைத் தேடி வந்து, பொங்கலிட்டு, கல்யாணப் பேச்சும் பேசிவிட்டுப் போவதில்லையா? அப்படித்தான் அங்கே கோப்பைப் போட்டி. யார் ஜெயித்தார்கள் என்பது அதில் ஒரு பகுதி மாத்திரமே.

தென்னிந்தியர் இதைத் தங்கள் ஸ்தாபனத்துக்குள்ளும் கொண்டுவந்தனர். சாது குப்புசாமி 1926-இல் நாந்தி நகரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பள்ளிக்கூடங்களைக் கட்டியது. ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளை வரவழைத்தது. அந்தச் சங்கத்தின் மாநாடு ஈஸ்டர் விடுமுறையில் கூடும்போது கால்பந்துப் போட்டியும் கூடவே நடக்கிறது. சன்மார்க்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு பந்தாட்டமா என்று இங்குள்ள பெரியவர்கள் கேட்கக்கூடும். மாநாட்டுக்கு வாலிபர்களை வரவழைக்க இதைவிடச் சிறந்த உபாயத்தை நம் சபைகளில் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் 1938-இல் வைத்த பெயரில் 'இந்திய' என்னும் வேலி இருந்தது. 1961-இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, எல்லா இனத்தாருக்கும் சங்கத்தைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் செய்தவற்றிலெல்லாம் இதையே தலையாய காரியமாக நான் மதிக்கிறேன். பூர்வகுடி வாலிபர் திரளாக வந்து சேர்ந்தனர். 1975 முதல் 1980 வரை ஆறு வருஷம் இடைவிடாமல் கோப்பையைத் தட்டிச் சென்ற பா மாவட்டத்தைப் பற்றி அங்கே இன்றும் கதை கதையாய்ச் சொல்வார்கள். காலக்கிரமத்தில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகளாகவும், நிர்வாகிகளிலும் பார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் இந்தியராகவும் ஆகிவிட்டது. ரக்பியில் அத்தகைய கலப்பு உண்டாகவில்லை.

1987-இல், லியோனிடாஸ் வந்து சேர்ந்த அதே மே 14-ஆம் தேதியன்று, ரபூகா என்ற ராணுவ அதிகாரி, இந்தியர் ஆதரவு பெற்ற அரசைக் கவிழ்த்தார். அவர் பிஜிக்காக ரக்பி ஆடியவர் என்பது ஓர் உபரித் தகவல். அதற்குப்பின் பல்லாயிரக்கணக்கான இந்தியர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஜிலாந்துக்கும் கானடாவுக்கும் குடிபெயர்ந்தனர். அப்படியிருந்தும் மறு வருஷமே, 1988 நவம்பரில், நாந்தியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பிஜி ஆஸ்திரேலியாவை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது. பதில் ஆட்டத்தில் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸில் இரண்டு ஆட்டங்களின் தராதரமும் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது. கால்பந்து அணி அங்கே போனதே, தகுதியற்ற ஆட்டக்காரரை இறக்கியதற்காக நியூஜிலாந்து விலக்கப்பட்ட பிறகுதான். முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் எட்டு கோல் வாங்கிய அணி, அடுத்ததில், முந்தைய ஒலிம்பிக் சாம்பியனான மெக்சிகோவுக்கு எதிராகப் பத்தாவது நிமிஷத்தில் கோல் அடித்து, இடைவேளை வரை முன்னிலையில் நின்றது. முடிவில் ஐந்துக்கு ஒன்று. ஆகஸ்டு 10-ஆம் தேதி ஜெர்மனி பத்து கோல் போட்டது. மறுநாளே பிஜியின் எழுவர் ரக்பி அணி பிரிட்டனை 43-7 என்று நசுக்கி, அந்தத் தேசத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாகவே, வென்றது. நாடு அதற்கு விடுமுறை விட்டது. அடுத்த வருஷம் ஏழு டாலர் நோட்டே அச்சிட்டது. அந்த ஆரவாரத்தில் மெக்சிகோவுக்கு எதிரான அந்த ஒற்றை கோலை யார் நினைத்திருப்பார்கள்?

அதை அடித்தவர் லம்பாசா கரும்புச் சீமையில் பிறந்த ராய் கிருஷ்ணா. நியூஜிலாந்தில் பல வருஷம் ஆடிய பின் அவர் 2019-இல் கல்கத்தா அணியில் சேர்ந்து, ஒரே பருவத்தில் 15 கோல்கள் அடித்து, 2020 மார்ச்சில் கோவாவில் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்தார். இறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது நம் சென்னை அணி.