மைக்கொம்பில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'ஆப்ளெக்டேஷன்' என்று ஒரு சொல் உண்டு. மகிழ்ச்சி, இன்பம் என்று பொருள். லண்டன்காரரிடமே சொல்லிப் பாருங்கள், திருதிருவென விழிப்பார்.

இதன் தாய்வீடு லத்தீன். ஆசைகாட்டி இழுப்பதற்கு அங்கே 'லக்கெரே' என்று பெயர். சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் சொல்லும் இதற்கு உறவு என்பார்கள் மொழியறிஞர்கள். அந்த வேரிலிருந்து வந்தது 'ஒப்லெக்தாரே', அதாவது மகிழ்வித்தல். கி.மு. 62-இல் ஆர்க்கியாஸ் என்ற கவிஞரின் ரோமானியக் குடியுரிமைக்காக வாதாடிய சிசரோ, இலக்கியம் முதுமைக்கு இன்பம் தரும் என்று சொல்ல இந்த வினைச்சொல்லைத்தான் எடுத்தார்.

அதே வேரில் பிறந்த இன்னொரு பிள்ளை 'டிலைட்'. நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக வந்து, ஜனங்கள் வாயில் புழங்கிப் பழகியது. அதன் நடுவே ஒலிக்காமல் நிற்கும் 'ஜி', 'ஹெச்' இரண்டும் லத்தீனிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. 'லைட்' என்ற சொல்லைப் பார்த்து 16-ஆம் நூற்றாண்டில் செருகியவை!

ஆப்ளெக்டேஷன் வந்த வழி வேறு. மறுமலர்ச்சிக் காலப் பண்டிதர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து நேரே இறக்கிய சரக்கு அது. மாட்டுக் கொம்பைக் குடைந்து மை ஊற்றி வைத்துக்கொண்டு எழுதிய காலம் என்பதால், இப்படிப்பட்ட சொற்களுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று கேலிப்பெயர் விழுந்தது. கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த ஜான் சீக், கடன் வாங்காத தூய ஆங்கிலம் வேண்டும் என்றார். 'சிலுவையில் அறைந்தார்கள்' என்பதற்கே லத்தீன்வழிச் சொல்லை விட்டு 'கிராஸ்டு' என்று எழுதிப் பார்த்தவர். நம் தனித்தமிழ் அன்பர்கள் கண்டால் கட்டித் தழுவியிருப்பார்கள்.

அதே காலத்து எழுத்தாளர் தாமஸ் வில்சன், இந்த மைக்கொம்புச் சொற்களைக் கிண்டலடித்து 1553-இல் தம் நூலில் ஒரு கேலிக் கடிதமே எழுதினார். தேவாலயப் பதவி கேட்டு ஒருவன் வாய் கொள்ளாத லத்தீன் சொற்களை ஆங்கிலத்தில் கலந்து கெஞ்சுகிறான். வேடிக்கை என்னவென்றால், அதில் நையாண்டிக்கு ஆளான 'செலிப்ரேட்' இன்று நம் தெருப் பிறந்தநாள் பேனர் வரை வந்துவிட்டது.

ஆகவே மைக்கொம்பில் பிறந்தது குற்றமல்ல. ஆப்ளெக்டேஷன் நிலைக்காததற்குக் காரணம் வேறு: அது வந்தபோது டிலைட், ஜாய், ப்ளெஷர் மூன்றும் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருந்தன. அதற்கு வேலையே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இன்னும் பெயர் இருக்கிறது. ஆசைப்பட்டால் எடுத்து ஆளுங்கள். பக்கத்திலேயே பொருளையும் எழுதிவிடுங்கள்.