இன்னொரு தட்டு

நூல் சேர்ப்போர் இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழும் வழக்கு ஒன்று உண்டு. அலமாரி நிறைந்துவிடும், புதிதாக வந்த நூல்கள் பழைய நூல்களின் தலைமேல் படுத்துக்கொள்ளும். இன்னோர் அலமாரி வாங்கச் சுவரில் இடம் இராது. படிக்காதவற்றைக் கழித்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. கழிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்பது மறு தரப்பு. சென்ற மாதம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இவ்வழக்கைத் தீர்த்துவைக்கச் சென்ற நாங்கள், தீர்ப்பு அந்த அலமாரிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கக் கண்டோம். பக்கப் பலகைகளின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக, சம இடைவெளியில் இடப்பட்டிருந்த சிறு துளைகளையே சொல்கிறோம். அவற்றில் முளைகளைச் செருகி இரண்டு தட்டுகள் கூடுதலாக வைத்தோம், வழக்கு முடிந்தது. அத்துளைகள் அங்கு வந்த கதையைத் தேடியபோது அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

'அலமாரி' என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. அதன் வேர் 'அர்மாரியம்' என்ற லத்தீன் சொல். நெடுங்காலம் அலமாரி என்பது தச்சர் ஒருமுறை செய்து முடித்துவிட்ட பொருளாகவே இருந்தது. தட்டு எங்கே அறையப்பட்டதோ அங்கேயே அதன் வாழ்நாள் கழியும். அலமாரியை அனுசரித்து நூல்கள் நடந்துகொள்ள வேண்டும்.

அவ்வாறு நடந்துகொண்ட நூல்களுக்குச் சிறந்த சான்று லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸின் நூலகம். நாற்காலிகளில் அடுக்கிய நூல்களால் இடர்ப்பட்ட அவர், 1666ஆம் ஆண்டு சிம்ப்சன் என்ற தச்சரைக் கொண்டு கண்ணாடிக் கதவுள்ள ஓக் அலமாரிகளைச் செய்வித்தார். பின்னாளில் அவை பன்னிரண்டாயின. நூல்களை உயரவாரியாக அடுக்கினார். குள்ளமான நூல்களின் அடியில் மரக்கட்டை வைத்து, வரிசையின் தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்தார். நூலகத்தின் அளவு மூவாயிரம் என்று வகுத்துக்கொண்டு, சிறந்தது வந்தால் சுமாரானதை வெளியேற்றினார். 1703இல் அவர் மறைந்தார். நூலகம் 1724இல் கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரியை அடைந்தது. எதையும் சேர்க்கலாகாது, எதையும் நீக்கலாகாது என்ற அவரது விருப்பப்படியே இன்றும் அங்கு இருக்கிறது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அதில் இன்னொரு நூலுக்கு இடமில்லை.

இதற்கு நேர் எதிரான எண்ணம் அமெரிக்காவில் தோன்றியது. ஓட்டோ வெர்னிக்கே என்பவர் 1892இல் பகுதிகளாக அமைந்த அலமாரி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பீடம், ஒரு முடி, இடையே தனித்தனிப் பெட்டிகள்; ஒவ்வொரு பெட்டிக்கும் மேலேறி உள்நுழையும் கண்ணாடிக் கதவு. நூல் பெருகினால் முடியைத் தூக்கிவிட்டு இன்னொரு பெட்டியை ஏற்றி, மீண்டும் முடி சூட்டினால் போதும். வீடு மாறுவோர் நூல்களை வெளியே எடுக்காமலே பெட்டி பெட்டியாகக் கொண்டுசெல்லலாம். அதற்கு 'எலாஸ்டிக்' அலமாரி என்றே பெயரிட்டார்கள். பின்னர் குளோப்-வெர்னிக்கே என்ற பெயரில் உலகமெங்கும் அது விற்பனையானது.

அதே 1892இல்தான் நம் சீர்காழியில் எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தார். வெறும் தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். கணிதப் பேராசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாதனத்தைக் கண்டார். சம இடைவெளியில் துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்டது அது. அவற்றைக் கொண்டே பாலமும் கட்டலாம், பாரந்தூக்கியும் கட்டலாம். இருந்த நூற்பகுப்பு முறைகள் முன்பே அறைந்துவைத்த தட்டுகளைப் போலிருப்பதாகக் குறைபட்டிருந்த அவருக்கு அங்கே விடை கிடைத்தது. அதன் பயனே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதற்கு முன்பே, 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டிருந்தார். நூலகம் வளரும் உயிரி என்பது அவற்றுள் ஐந்தாவது. வளர்வதை உடைமையின் பெருக்கமாகப் பாராமல், உயிரின் இயல்பாகப் பார்த்த விதி அது.

மெக்கானோவின் துளைகள் மெய்யாகவே அலமாரிக்குள் புகுந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர். லண்டனில் அச்சகம் நடத்திய டிமிட்ரியஸ் கொமினோ, தேவைக்கேற்பக் கட்டியும் பிரித்தும் வீணாகும் மரத்தட்டுகளைக் கண்டு சலித்து, துளையிட்ட இரும்புக் கோணப்பட்டையை உருவாக்கி 1947இல் டெக்சியான் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் ஊரில் 'ஸ்லாட்டட் ஆங்கிள்' என்று வழங்கும் இரும்பு ரேக் அதன் வழிவந்ததே. 1949இல் சுவீடனின் போன்னியர் பதிப்பகம், நூல் வாங்குவோருக்கு எளிய அலமாரி வேண்டுமென்று போட்டி நடத்தியது. நில்ஸ், காய்சா ஸ்ட்ரின்னிங் இணையரின் 'ஸ்ட்ரிங்' தட்டுகள் வென்றன. ஒருவர் அச்சிடுபவர், ஒருவர் பதிப்பிப்பவர். நூல் பெருகுவதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களே.

மரப் பஞ்சம் நிலவிய ஜெர்மனியில் மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு பரவியது. தொழிற்சாலைத் துளைப்பொறிகளை ஒட்டி, 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் என்ற பொது அளவு நிலைபெற்றது. 1979இல் ஐகியாவுக்காக கில்லிஸ் லுண்ட்கிரென் வடிவமைத்த 'பில்லி' அலமாரி, இடம் மாற்றத்தக்க தட்டுகளை எளிய இல்லங்களுக்கும் கொண்டுசேர்த்தது. பொது அளவின் அருமையை நண்பர் இல்லத்தில் நேரில் உணர்ந்தோம். அலமாரியை விற்ற கடையில் தனித்தட்டு கிடைக்கவில்லை. உள்ளூர்த் தச்சர் 18 மி.மீ. பிளைவுட்டில் அறுத்துத் தந்தார். தெருமுனை ஹார்டுவேர் கடையின் முளைகள் அத்துளைகளில் அப்படியே பொருந்தின.

கணக்கு எளியது. 180 செ.மீ. உள்ளுயரத்தில் ஐந்து அடுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 34 செ.மீ. உயரம். தமிழ் நூல்களில் பெரும்பாலானவை கிரவுன் அல்லது டெமி அளவு, 22 செ.மீ.க்கு மேற்படுவன குறைவு. மீதி உயரம் முழுதும் காற்று குடியிருந்தது. இரண்டு தட்டுகளைச் சேர்த்ததும் ஏழு அடுக்குகளாயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 செ.மீ. அகலம் 76 செ.மீ.; நூலுக்கு 2 செ.மீ. தடிமன் என்று கொண்டால் கூடுதலாக 76 நூல்கள்.

செய்ய விழைவோர் மூன்றை மனத்திற்கொள்க. நடுவே திருகாணியால் இறுக்கிய தட்டு அசையாத் தட்டு. அதுவே பக்கப் பலகைகளைப் பிடித்து நிற்கிறது. நாங்கள் அறியாமல் அதைக் கழற்றி, பலகைகள் பிதுங்கக் கண்டு அஞ்சி மீண்டும் பூட்டினோம். அடுத்தது அகலம். தட்டின் நீளம் இரட்டித்தால், அதே அடர்த்தியில் நூல்களை நிரப்பும்போது, தொய்வு பதினாறு மடங்காகும். தடிமன் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். மூன்றாவது பாரம். கூடுதல் நூல்கள் 25 கிலோவுக்குக் குறையா. அலமாரியைச் சுவரோடு பிணைத்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் தலைமேல் படுத்திருந்த நூல்கள் எல்லாம் எழுந்து நின்றன. நண்பர் அகமகிழ்ந்தார். அவர்தம் துணைவியார் மட்டும், "அடுத்த வருஷம் என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 24 செ.மீ. அடுக்கை இன்னும் குறுக்கினால் டெமி நூல் நிற்காது. ரங்கநாதனின் விதிக்கு வீட்டுச் சுவர் கட்டுப்படுவதில்லை. என்றேனும் பீப்ஸைப் போல் எது இருக்க, எது போக என்று நாமும் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். இன்னொரு தட்டு நமக்குத் தருவது, அந்த நாள் வரை கொஞ்சம் அவகாசம். அதற்குள் அந்த 76 நூல்களில் சிலவற்றையேனும் படித்துவிட்டால், கழிப்பதா வைப்பதா என்பதை அறிந்து சொல்ல முடியும். வழக்கு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.