‘ஸ்க்ரேம்ப்ளர்’ பந்தயத்தைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

மண் பாதையில் ஓடும் உயரமான மோட்டார் சைக்கிளை மலேசியாவில் பலரும் ‘ஸ்க்ரேம்ப்ளர்’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1924 மார்ச் மாதம் இங்கிலாந்தில், சர்ரே வட்டாரத்தின் கேம்பர்லி என்ற இடத்தில் நடந்த பந்தயத்துக்கு ‘ஸ்க்ரேம்பிள்’ என்று பெயர் வைத்தார்கள். முண்டியடித்துக்கொண்டு போவது என்று பொருள். பின்னர் அது ஐரோப்பாவில் பரவியபோது ‘மோட்டோகிராஸ்’ ஆனது. 1957 முதல் அந்தப் பெயரில் உலக வெற்றியாளர் போட்டி நடக்கிறது. விளையாட்டின் பெயர் மாறிவிட்டது. மோட்டாரின் பெயர் மட்டும் இங்கே பழையபடியே நிலைத்துவிட்டது.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு செம்மண் திடலில் பந்தயம் நடந்தால் போதும், வேலி ஓரம் முழுக்கக் கைத்தொலைபேசிகளும் கேமராக்களும் நிற்கும். அன்றிரவே படங்கள் புலனத்தில் சுற்றத் தொடங்கிவிடும். ஆனால் பெரும்பாலான படங்களில் இருப்பது ஒரே காட்சிதான்: வெளுத்த வானத்தில் தொங்கும் ஒரு மோட்டார். அதை ஓட்டுவது யார் என்று அவருடைய வீட்டாருக்கே தெரிவதில்லை.

இந்த விளையாட்டைப் படம் எடுப்பதில் உள்ள உண்மையான சிரமம் அங்கேதான் இருக்கிறது. பந்து விளையாட்டில் முகம் தெரியும். மோட்டோகிராஸ் வீரரோ ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் வரையிலான காலணி என்று தலை முதல் கால் வரை மூடியிருப்பார். அவரை அடையாளம் காட்ட மிஞ்சுவது மோட்டாரின் முன்புற எண்ணும், அவர் உடம்பை வைத்திருக்கும் விதமும், கண்ணாடிக்குள் தெரியும் கண்களும்தான். வாகனம் பறப்பதை யாரும் எடுத்துவிடலாம். ஓட்டுபவர் தெரியும்படி எடுக்க வேண்டும் என்றால் எங்கே நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே நிற்கக் கூடாது?

ஒரு போட்டி மோட்டாரின் எடை 100 கிலோவுக்கு மேல். ஓட்டுபவரின் எடையும் அதோடு சேரும். அது தடம் மாறிப் பாய்ந்து வந்தால் கையில் இருக்கும் கேமரா எதையும் தடுக்காது. மேட்டைத் தாண்டி வண்டி தரை இறங்கும் இடத்துக்கு அருகிலும், வளைவின் வெளிப்புறத்திலும் ஒருபோதும் நிற்கக் கூடாது. கட்டுப்பாடு இழந்த வண்டி பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் போகும். தொடக்கத்துக்குப் பிறகு வரும் முதல் வளைவில் இந்த ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். டயர் தடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எடுப்பவர்களும் உண்டு. தடுப்பு அங்கே வைக்கப்பட்டிருப்பதே வண்டி வந்து மோதுவதற்காகத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வேலிக்குள் போக ஏற்பாட்டாளரின் அனுமதி வேண்டும். அனுமதி உள்ளவருக்கு அடையாள மேலங்கி கொடுப்பது வழக்கம். அது இருந்தாலும் கொடி பிடிப்பவர் தள்ளி நில் என்றால் தள்ளி நிற்க வேண்டும், வாதம் கூடாது. கேமராவில் ஒரு கண், பாதையில் ஒரு கண் என்று இரண்டையும் திறந்தே வைத்திருப்பது நல்லது. காதில் பாட்டுக் கருவி வேண்டாம். பின்னால் இரண்டு எட்டு நகர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண்டியிட வேண்டும். சிறுவர்கள் ஓட்டும் 65 சிசி, 85 சிசி பிரிவுகளில் கூடுதல் கவனம் தேவை. வண்டி சிறியதுதான், ஆனால் அது எந்தத் தடத்தில் வரும் என்று ஊகிப்பது கடினம்.

மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து என்று பொருள். வீரர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, மேட்டில் பாயவும் கூடாது. படம் எடுப்பவருக்கும் அது அறிவிப்புதான். யாரோ விழுந்து கிடக்கிறார். உதவி செய்யும் எண்ணத்தில் பாதைக்குள் ஓடினால் இரண்டாவது விபத்து நடக்கும். கொடிக்காரரும் மருத்துவக் குழுவும் பார்த்துக்கொள்வார்கள். விழுந்தவரின் படத்தை அங்கிருந்தபடியே புலனத்தில் ஏற்றுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவருடைய அம்மா அந்தப் படத்தின் மூலம்தான் செய்தியை அறிகிறார் என்றால் அது கொடுமை. எழுந்து நடந்தார் என்று தெரியும் வரை அந்தப் படம் கேமராவிலேயே இருக்கட்டும்.

எங்கே நிற்கலாம்?

பந்தயம் தொடங்குமுன் வீரர்கள் இரும்புத் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். உலகப் போட்டியில் இந்த வரிசையில் 40 பேர் வரை இருப்பார்கள். முதலில் 15 வினாடிப் பலகை, பிறகு 5 வினாடிப் பலகை காட்டப்படும். அதன் பிறகு 5 முதல் 10 வினாடிக்குள் எந்த நொடியிலும் தடுப்பு விழலாம். அந்தக் காத்திருப்பில் கண்கள் நன்றாகத் தெரியும். எல்லாரும் தடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கவாட்டில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தால், ஓட்டம் தொடங்கும் முன்பே நல்ல படங்கள் கிடைத்துவிடும்.

ஓட்டத்தின்போது சிறந்த இடம் வளைவின் உட்புறம், வண்டி வெளியேறும் பக்கம். வளைவில் வேகம் குறைகிறது. வீரர் இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, உட்புறக் காலை நீட்டி, முழங்கையை உயர்த்தி, தான் போகப் போகும் திசையை நோக்கித் தலையைத் திருப்புகிறார். அந்தத் திசையில் கேமரா இருந்தால் கண், எண், தோள் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். பின்சக்கரம் வாரி இறைக்கும் மண் பின்னால் விசிறியாக எழும். வண்டி கடந்து போனதும் அந்த மண் எடுப்பவர் மேலும் விழலாம். அந்த நேரம் லென்ஸைக் கீழே திருப்பிக்கொள்ள வேண்டும்.

மேட்டுப் பாய்ச்சலை எடுக்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள், எடுக்கட்டும். கீழிருந்து எடுத்தால் உயரம் கூடித் தெரியும். ஆனால் மேட்டின் ஒரு துண்டோ ஓரத்துச் செம்பனையின் உச்சியோ படத்தில் சேர வேண்டும். வெறும் வானம் மட்டும் இருந்தால் இரண்டடி பறந்தாரா இருபதடி பறந்தாரா என்று சொல்ல முடியாது. வண்டி மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்போது காதைத்தான் நம்ப வேண்டும். என்ஜின் சத்தம் மேட்டின் விளிம்பு வரை விடாமல் வந்தால் பாய்கிறார். இடையில் தணிந்தால் உருட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு மூன்று சுற்று கேட்டாலே இது பிடிபட்டுவிடும்.

வேகத்தை வேகமாகக் காட்டுவது

1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் எல்லாம் உறைந்துவிடும். காற்றில் இருக்கும் வண்டிக்கு அது பொருத்தம். தரையில் ஓடும் வண்டிக்கு அதே வேகத்தை வைத்தால் சக்கரக் கம்பிகள்கூட அசையாமல் நின்று, யாரோ வண்டியை நிறுத்தி வைத்தது போல் ஆகிவிடும். 1/125க்கு இறக்கி, வண்டி வரும் வேகத்துக்கே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டு எடுத்தால், வீரர் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும். கை பழகிய பிறகு 1/60க்குப் போகலாம். பொத்தானை அழுத்தியதும் திருப்புவதை நிறுத்திவிடக் கூடாது. முதல் நாளில் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகும், எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் இந்த முயற்சியை இறுதிச் சுற்றில் அல்ல, காலைப் பயிற்சி ஓட்டத்தில் செய்வது புத்திசாலித்தனம்.

எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பகல் வெயிலில் பழைய 70–300 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமானது. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும்படியும், படங்கள் அடுத்தடுத்து விழும்படியும் கேமராவை அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கைத்தொலைபேசி வைத்திருப்பவர் தூரத்து மேட்டை இழுத்துப் பெரிதாக்கி எடுப்பதில் பயனில்லை, படம் மாவு மாவாகத்தான் வரும். வேலிக்கு அருகில் வரும் மெதுவான வளைவைத் தேர்ந்துகொண்டு, வண்டி கடக்கும் தரையைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, தொடர் படமாக எடுக்கலாம். கம்பி வேலி குறுக்கே இருந்தால் லென்ஸைக் கம்பியின் இடைவெளியோடு ஒட்டி வைத்தால் கம்பி தெரியாது.

வெயில், தூசி, சேறு

உச்சி வெயிலில் ஹெல்மெட்டின் முன்விளிம்பு முகத்தில் நிழல் கட்டிவிடும். கண் இருக்கும் இடத்தில் இருட்டுதான் இருக்கும். காலை 10 மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பிறகும் எடுப்பது உத்தமம். மாலைச் சூரியன் எதிரில் இருக்கும்போது எழும் செம்மண் தூசி பொன்னாக மின்னும். நண்பகலில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தூசியே கேமராவுக்கு எதிரி. திடலில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. தூசி படிந்த கண்ணாடியை உடனே துணியால் துடைத்தால் மணல் தேய்த்துக் கீறல் விழும். முதலில் ஊதித் தட்டிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

பிற்பகலில் மழை வந்தால் பலரும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கூடாரத்துக்கு ஓடுகிறார்கள். சேற்றுப் பந்தயத்தில்தான் ஓட்டுபவரின் பாடு முழுமையாகத் தெரிகிறது. 2017இல் இந்தோனேசியாவின் பங்கல் பினாங் நகரில் நடந்த உலகப் போட்டியும் மழையால் சேற்றுக் களமானது. இந்த வட்டாரத்து வானம் உலக வெற்றியாளர்களுக்காகவும் பொறுத்திருப்பதில்லை. ஒரு நெகிழிப் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் வளையத்தால் கட்டினால் மழை உறை தயார்.

ஹெல்மெட் கழன்ற பிறகு

கொடி விழுந்ததும் கேமராவை மூடிவிடுபவர்கள் முகத்தைத் தவற விடுகிறார்கள். கண்ணாடி இருந்த இடம் மட்டும் சுத்தமாக, மற்ற இடமெல்லாம் மண்ணாக வீரர் வந்து உட்காருவார். அப்பா சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி காலணியின் கொக்கிகளைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பான். கூடாரப் பகுதிக்குள் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. சிறுவர்களின் படம் என்றால் பெற்றோரின் சம்மதம் அவசியம். வெளியிடும்போது பள்ளி, வீட்டு விவரம் எதுவும் சேர்க்கக் கூடாது.

வீட்டுக்குப் போன அன்றிரவே ஒவ்வொரு படத்துக்கும் எண்ணோடு பிரிவையும் பெயரையும் குறித்து வைத்துவிட வேண்டும். 85 சிசியிலும் 27ஆம் எண் இருக்கும், 250 சிசியிலும் இருக்கும். சேறு படிந்த படத்தில் அந்த எண்ணும் பாதிதான் தெரியும். ஒரு மாதம் கழித்து யாராவது வந்து, “எங்க பையன் படம் இருக்கா?” என்று கேட்கும்போது, தேடி எடுத்துக் கொடுக்க அந்தக் குறிப்பு ஒன்றுதான் வழி.